வெளிநாட்டுப் பட்டம்: பீடோங் வீட்டு மேசையில் நான்கு புரோஷர்கள்

கெடா மாநிலத்துப் பீடோங் பக்கம் யாராவது "நான் ஹார்வர்டில் படித்தவன்" என்று சொன்னால் பொய் என்று நினைத்துவிடாதீர்கள். ஊரை ஒட்டி ஹார்வர்ட் தோட்டம் இருக்கிறது. அதன் பிரிவுகளின் பெயரில் தமிழ்ப்பள்ளிகளும் இருக்கின்றன. என் அப்பா அப்படி ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்துவிட்டுப் பால் வெட்டப் போனவர். புதிதாக யாரைப் பார்த்தாலும் இந்த ஹார்வர்ட் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். எதிரில் இருப்பவர் ஒரு நொடி திகைப்பதைப் பார்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போனபோது சாப்பாட்டு மேசைமேல் நான்கு புரோஷர்கள் விரித்துக் கிடந்தன. எல்லாவற்றிலும் பளபளப்பான கட்டடங்கள், சிரிக்கும் பிள்ளைகள், ஏதோ ஒரு வெளிநாட்டுப் பெயர். அப்பாவின் ஹார்வர்ட்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

விஷயம் இதுதான். அக்கா மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்துவிட்டாள். மின், மின்னணுப் பொறியியல் படிக்க வேண்டும் என்று ஆசை. அரசுப் பல்கலைக்கழக இடங்களை ஒதுக்கும் யூ.பி.யூ. வழியாகக் கிடைத்தது அவள் கேட்காத துறை. மேல்முறையீடு போட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. அத்தான் செம்பனை ஆலையில் வேலை செய்கிறார். அக்கா வீட்டிலேயே தையல். நான் கூலிம் தொழில்நுட்பப் பூங்காவில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். "நீதான் நாள் முழுக்க சர்டிபிகேட் பார்க்கிறவளாச்சே, நீயே சொல்லு" என்று அக்கா புரோஷர்களை என் பக்கம் தள்ளினாள்.

முதலாவது, இங்கேயே இயங்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கிளை வளாகம். இரண்டாவது, சிலாங்கூரில் ஒரு தனியார் கல்லூரியின் 3+0 படிப்பு. மூன்று வருஷமும் இங்கே, பட்டம் பிரிட்டனிலிருந்து. மூன்றாவது, தமிழ்நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரி. நான்காவது, வீட்டில் உட்கார்ந்தபடியே எடுக்கும் இணையப் பட்டம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேல்முறையீட்டில் அரசுப் பல்கலைக்கழகத்தில் கேட்ட துறை கிடைத்துவிட்டால் இந்த நான்கையும் பழைய பேப்பர்காரரிடம் போடலாம். கட்டணத்திலும் அங்கீகாரத்திலும் அதற்கு ஈடு கிடையாது. கிடைக்காத பிள்ளைகளுக்காகத்தான் மேலே எழுதுகிறேன்.

பெரும்பாலான வீடுகளில் ஒப்பீடு கட்டணத்தில் தொடங்குகிறது, அப்புறம் ஹாஸ்டல், அப்புறம் "பேர் என்ன பேர்". நான் வேறு இடத்தில் தொடங்குவேன். இந்தப் படிப்பை யார் கண்காணிக்கிறார்கள்? அந்தக் கண்காணிப்பை நம் நாட்டில் யார் ஏற்றுக்கொள்கிறார்கள்? பட்டம் எல்லை தாண்டி வரும்போது இந்த இரண்டாவது கேள்வியில்தான் பல வீடுகளின் பணம் கரைந்திருக்கிறது. எங்கள் வீட்டுப் பணமும் சேர்த்து.

என் தம்பி பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தான். எந்தக் கல்லூரி என்பது இப்போது வேண்டாம். புரோஷரில் எம்.கியூ.ஏ., அதாவது மலேசியத் தகுதி முகமையின் முத்திரை இருந்தது, அதைப் பார்த்துத்தான் அப்பா கையெழுத்துப் போட்டார். ஆனால் அந்த முத்திரை தற்காலிக அங்கீகாரத்துக்கு உரியது. தொடங்கலாம் என்ற அனுமதி, அவ்வளவுதான். முதல் குழு கடைசி வருஷத்துக்கு வரும்போது முழு அங்கீகாரத்துக்கு ஆய்வு நடக்க வேண்டும். தம்பியின் படிப்புக்கு அது நடக்கவில்லை. பட்டமளிப்பு விழாப் படம் இன்னும் கூடத்தில் தொங்குகிறது. அரசு வேலைக்கு மட்டும் அந்தப் பட்டம் செல்லவில்லை. "முழு அங்கீகாரமா, தற்காலிகமா" என்று கேட்க வேண்டும் என்றுகூட அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

இந்த எம்.கியூ.ஏ. 2007-இல் வந்தது. அதற்கு முன் 1997 முதல் தனியார் கல்லூரிகளுக்குத் தேசிய அங்கீகார வாரியம் தனியாக இருந்தது. அரசுக்கும் தனியாருக்கும் தனித்தனியாக இருந்த இரண்டு ஏற்பாடுகளையும் ஒன்றாக்கி, அரசு, தனியார் என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோலை வைத்தார்கள். அந்த முகமை நடத்தும் மலேசியத் தகுதிப் பதிவேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. படிப்பின் பெயரைத் தட்டினால் கல்லூரி, வளாகம், நிலை, எண் எல்லாம் வரும். எண்ணில் எஃப்.ஏ. என்று இருந்தால் முழு அங்கீகாரம், பி.ஏ. என்றால் தற்காலிகம். எஸ்.டபிள்யூ.ஏ. என்று இருந்தால் அந்தப் பல்கலைக்கழகமே தன் படிப்புகளை அங்கீகரித்துக்கொள்ளும் உரிமை பெற்றது என்று அர்த்தம். வளாகத்தின் பெயரையும் பார்க்க வேண்டும். ஒரே கல்லூரிக்கு இரண்டு ஊர்களில் வளாகம் இருந்தால் ஒன்றின் அங்கீகாரம் மற்றொன்றுக்குத் தானாக ஒட்டிக்கொள்ளாது.

உலக அளவில் யாருமே இதைக் கவனிப்பதில்லையா என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. 2005-இல் யுனெஸ்கோவும், பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓ.இ.சி.டி.யும் சேர்ந்து, எல்லை கடந்த உயர்கல்வியின் தரத்துக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. அரசாங்கங்கள், கல்வி நிறுவனங்கள், மாணவர் அமைப்புகள், தரக் கண்காணிப்பு அமைப்புகள், பட்டங்களை மதிப்பிடுபவர்கள், தொழில்முறை அமைப்புகள் என்று ஆறு தரப்புக்கும் அதில் பொறுப்பு சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் நல்ல வார்த்தைகள்தான், ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தாது. ஏமாற்றிய கல்லூரியை அந்த ஆவணத்தைக் காட்டிப் பிடிக்க முடியாது. 2019-இல் யுனெஸ்கோ கொண்டுவந்த உலகளாவிய ஒப்பந்தம் 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அது கொஞ்சம் பல் உள்ளது: வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்க மறுக்கும் நாடு, தன் பட்டத்துக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஆனாலும் அதை ஏற்றுக்கொண்ட நாடுகளைத்தான் அது கட்டுப்படுத்தும். நம் வட்டாரத்தில் 2008-லிருந்து ஆசியான் தர அமைப்புகளின் வலைப்பின்னல் ஒன்றும் இருக்கிறது.

ஆக, அத்தானுக்கு நான் சொன்ன பதில்: உலகக் கல்விப் போலீஸ் என்று ஒன்று கிடையாது. இரண்டு நாட்டுக் கண்காணிப்பாளர்கள் ஒருவர் வேலையை ஒருவர் நம்புகிறார்களா என்பதுதான் மிச்சம். அந்த நம்பிக்கை ஒவ்வொரு துறையிலும் வேறு வேறு அளவில் இருக்கிறது. பொறியியலில் அது நன்றாகவே இருக்கிறது.

பொறியியலில் இருப்பது வாஷிங்டன் உடன்படிக்கை. 1989-இல் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று ஆறு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் தொடங்கியது. ஒரு நாட்டு அமைப்பு அங்கீகரித்த பொறியியல் படிப்பை மற்றவர்களும் தங்கள் படிப்புக்கு இணையாக ஏற்பார்கள். சும்மா கைகுலுக்கிவிட்டுப் போவதில்லை. குறிப்பிட்ட கால இடைவெளியில் ஒருவர் வேலையை மற்றவர்கள் வந்து சோதிக்கிறார்கள். மலேசியா 2009-இல் முழு உறுப்பினரானது, இந்தியா 2014-இல். இங்கே ஒருவர் பொறியாளராகப் பணிபுரிய மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிய வேண்டும். அந்தப் பதிவுக்கு இந்த உடன்படிக்கை நேரடியாகவே உதவும். எங்களைப் போன்ற தொழிற்சாலைகள் சில இதைக் கறாராகக் கேட்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அரசுப் பணிக்கும், கட்டடச் சேவை ஆலோசனை நிறுவனங்களுக்கும், பின்னாளில் தொழில்முறைப் பொறியாளர் ஆவதற்கும் அந்தப் பதிவு இல்லாமல் நகர முடியாது.

இந்த உடன்படிக்கையில் பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு அமைப்பும் தன் நாட்டு எல்லைக்குள் அங்கீகரித்த படிப்புகளுக்குத்தான் இந்தப் பரஸ்பர ஏற்பு. பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை மலேசியாவில் உட்கார்ந்து படித்தால், பிரிட்டனின் அங்கீகாரம் உடன்படிக்கை வழியாகத் தானாக வந்து சேராது. நம் நாட்டுப் பொறியியல் அங்கீகார மன்றம் அந்தப் படிப்பைத் தனியாகப் பார்த்திருக்க வேண்டும். புரோஷரில் "வாஷிங்டன் உடன்படிக்கை" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால், எந்த வளாகத்துக்கு என்று கேளுங்கள்.

கிளை வளாகம்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கிளை என்ற கதை இந்த நாட்டில் 1998-இல் தொடங்கியது. 1996-இல் வந்த தனியார் உயர்கல்விச் சட்டம் கதவைத் திறந்தது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் சன்வேக்கு வந்தது. அடுத்து மிரியில் கர்ட்டின், கூச்சிங்கில் சுவின்பர்ன், பிரிட்டனிலிருந்து நாட்டிங்ஹாம். நாட்டிங்ஹாம் 2000-இல் கோலாலம்பூரில் தொடங்கி, 2005-இல் செமினிக்குப் போனது. 2010-இல் இந்த நான்குக்கும் தங்கள் படிப்புகளைத் தாங்களே அங்கீகரித்துக்கொள்ளும் உரிமையை எம்.கியூ.ஏ. கொடுத்தது. அதே சமயத்தில் அந்த உரிமையைப் பெற்ற மற்ற நான்கும் மலாயா, யு.கே.எம்., யு.பி.எம்., யு.எஸ்.எம். ஆகிய அரசுப் பல்கலைக்கழகங்கள். பொறியியல், மருத்துவம் போன்ற தொழில்முறைப் படிப்புகளுக்கு மட்டும் அந்தந்தத் தொழில் அமைப்பின் கண் கூடவே இருக்கும்.

ஒரே படிப்பின்மேல் இரண்டு நாட்டுக் கண்களும் இருப்பதற்கு இதுதான் நல்ல உதாரணம். தாய்ப் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான் கையில் கிடைக்கும், அதனால் அந்த நாட்டுத் தர அமைப்புக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2011-இல் வந்த தேசியக் கண்காணிப்பு அமைப்பு, கடல் கடந்த வளாகத்துக்கும் அதே தரம் வேண்டும் என்கிறது. பிரிட்டனின் தர அமைப்பு இங்கே வந்து பிரிட்டிஷ் படிப்புகளைப் பார்த்து அறிக்கை எழுதியிருக்கிறது. இன்னொரு பக்கம் எம்.கியூ.ஏ. இருக்கிறது. தகராறு வந்தால் பஸ் ஏறிப் போய்க் கதவைத் தட்ட ஓர் அலுவலகம் உள்நாட்டில் இருக்கிறது. தோட்டத்துக் குடும்பத்துக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

குறை, கட்டணம். தாய்நாட்டில் படிப்பதைவிடக் குறைவு என்று புரோஷர் சொல்கிறது. உண்மைதான், ஆனால் லண்டன் விலையோடு ஒப்பிட்டு நாம் என்ன செய்வது? 2025-இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. நம் ஆட்கள் அதோடுதான் ஒப்பிட வேண்டும். அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். கிடைத்தாலும் கட்டணம் முழுவதையும் தாங்காது. கல்வி உதவித்தொகை கிடைத்தால் நிலைமையே வேறு. எஸ்.டி.பி.எம். மதிப்பெண் நன்றாக இருக்கும் பிள்ளை அதைக் கேட்காமல் விடக்கூடாது. கேட்க வெட்கப்பட்டு முழுக் கட்டணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு பயமும் இருக்கிறது. கிளை என்பது தாய்ப் பல்கலைக்கழகத்தின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. வரி சிவப்பானால் வெட்டிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007-இல் சிங்கப்பூரில் ஒரு வளாகம் திறந்தது. எதிர்பார்த்த அளவு மாணவர் வரவில்லை. முதல் பருவம் முடிந்ததுமே மூடிவிட்டார்கள். சிங்கப்பூர் அரசு முன்நின்று வரவேற்ற திட்டம் அது. இருபது வருஷத்துக்கு மேல் இங்கேயே வேரூன்றிய கிளைகளுக்கு அந்த ஆபத்து குறைவு. புதிதாக வந்திருக்கும் கிளையில் முதல் குழுவாகச் சேர்வதற்கு நான் யோசிப்பேன். தம்பியின் அனுபவம் அப்படி.

3+0

இந்த வழி பிறந்ததே ஒரு நெருக்கடியில். 1980களிலிருந்து நம் தனியார் கல்லூரிகள் முதல் ஓரிரு வருஷத்தை இங்கேயும் மீதியை வெளிநாட்டிலும் நடத்திக்கொண்டிருந்தன. 1997-98 நாணய நெருக்கடியில், டாலருக்கு இரண்டரை வெள்ளி கொடுத்துக்கொண்டிருந்த பெற்றோர் நான்குக்கு மேல் கொடுக்க வேண்டிவந்தது. கடைசி வருஷத்துக்கு அனுப்ப முடியாமல் பிள்ளைகள் நடுவழியில் நின்றார்கள். 1998-இல் மூன்று வருஷத்தையும் இங்கேயே முடிக்க அனுமதி வந்தது.

பாடம் நடத்துவது உள்ளூர் விரிவுரையாளர். கேள்வித்தாளையும் திருத்திய விடைத்தாள்களின் மாதிரியையும் அங்கிருப்பவர்கள் சரிபார்ப்பார்கள். கூட்டாளிப் பல்கலைக்கழகம் எவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறதோ அவ்வளவுதான் தரம். நல்ல கூட்டாளி வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆள் அனுப்பி உட்கார்ந்து பார்ப்பான். மற்றவன் பட்டத்தில் போட முத்திரையை மட்டும் அனுப்புவான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் இங்கே எம்.கியூ.ஏ. பதிவேட்டுக்கு எடை அதிகம். பதிவேட்டில் "இந்தப் பல்கலைக்கழகத்தின் கூட்டு ஏற்பாட்டில்" என்று வெளிநாட்டுப் பெயரும் சேர்ந்தே இருக்க வேண்டும். கூட்டு ஒப்பந்தம் எந்த வருஷம் வரை என்றும் கேட்கலாம். தப்பே இல்லை.

அக்கா மகளுக்கு இதில் இருக்கும் சிக்கல் வேறு. பிரிட்டனின் சாதாரணப் பொறியியல் இளங்கலை மூன்று வருஷம். நம் பொறியியல் அங்கீகார மன்றம் எதிர்பார்ப்பது நான்கு வருஷப் படிப்பு. அந்த 3+0 புரோஷரைப் புரட்டினேன். எம்.கியூ.ஏ. முத்திரை இருக்கிறது, பிரிட்டிஷ் பொறியியல் சங்கம் ஒன்றின் சின்னமும் இருக்கிறது, நம் மன்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருக்கும் பட்டம் செல்லுபடியாகும் பட்டம்தான். ஆனால் செல்லுபடியாகும் எல்லாப் பட்டமும் பொறியாளர் வாரியத்தில் பதியப் போதாது. இந்த வித்தியாசத்தை எந்த கவுண்டரிலும் யாரும் தானாக முன்வந்து சொல்லமாட்டார்கள்.

இதே கல்லூரியில் அவள் கணினி அறிவியலோ வணிகமோ எடுக்கிறாள் என்றால் 3+0-ஐ நான் கிளை வளாகத்துக்கும் மேலே வைப்பேன். அந்தத் துறைகளில் பதிவு வாரியம் குறுக்கே நிற்காது. செலவும் குறைவு, கடன் வசதியும் உண்டு. எங்கள் தொழிற்சாலையில் கணினிப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது பட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதைவிட, நேர்காணலில் என்ன செய்து காட்டுகிறார்கள் என்பதைத்தான் பார்க்கிறோம்.

தமிழ்நாடு

அத்தானுக்குப் பிடித்தது இதுதான். "நம்ம ஆளுங்க, நம்ம சாப்பாடு, ஒரு அவசரம்னா நாமக்கல்லில் பெரியப்பா வீடு இருக்கு" என்கிறார். பெரியப்பா வீட்டைக் கடைசியாகப் பார்த்தது அவருடைய தாத்தா என்பது வேறு விஷயம்.

பிடிவாதத்துக்காக நான் எதிர்க்கவில்லை. சரியாகத் தேர்ந்தெடுத்தால் பொறியியலுக்கு இது நல்ல வழி. ஆனால் அந்த "சரியாக" என்ற சொல்லுக்குள் நிறைய இருக்கிறது.

இந்தியாவில் பொறியியல் படிப்புகளை அங்கீகரிப்பது என்.பி.ஏ. எனப்படும் தேசிய அங்கீகார வாரியம். வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியாவின் சார்பில் இருப்பதும் அதுதான். அதில் முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு என்று இரண்டு வகை. பல்கலைக்கழகத் துறைகளும் தன்னாட்சிக் கல்லூரிகளும் முதல் அடுக்குக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்து, அதன் பாடத்திட்டத்தையும் தேர்வையும் அப்படியே நடத்தும் கல்லூரிகள் இரண்டாம் அடுக்கு. உடன்படிக்கையில் செல்வது முதல் அடுக்கு மட்டும். ஒரே சாலையில் எதிரெதிரே இருக்கும் இரண்டு கல்லூரிகள், இரண்டின் பட்டத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயர். ஆனாலும் ஒன்றின் பட்டத்தோடு வந்தால் நம் வாரியத்தில் வேலை எளிது, மற்றதோடு வந்தால் அலைச்சல். "அண்ணா யுனிவர்சிட்டி" என்று கேட்டதும் தலையாட்டும் பெற்றோர் இதைக் கேட்டால் நம்பவே மாட்டார்கள்.

அதோடு முடியவில்லை. என்.பி.ஏ. கல்லூரிக்கு அங்கீகாரம் தருவதில்லை, படிப்புக்குத் தருகிறது. ஒரு கல்லூரியில் இயந்திரவியலுக்கு இருக்கும், மின்னணுவியலுக்கு இருக்காது. அதற்குக் காலவரம்பும் உண்டு, மூன்று வருஷம் அல்லது ஆறு வருஷம். பிள்ளை பட்டம் வாங்கும் வருஷத்தில் அது உயிரோடு இருக்கிறதா என்பதுதான் கணக்கு. வாசலில் தொங்கும் "நாக் ஏ பிளஸ்" பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். நாக் முழு நிறுவனத்தையும் மதிப்பிடும் வேறு அமைப்பு. நல்ல அறிகுறிதான், ஆனால் உடன்படிக்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

போகும் வழியிலும் ஒரு தாள் வேண்டும். நம் எஸ்.டி.பி.எம். அங்கே பிளஸ் டூவுக்கு இணையானது என்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடம் சமத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். ஒரு பாட்டி சொன்னார், "அந்தக் காலத்துல நாங்க கப்பலேறி வந்தப்ப யாரும் சர்டிபிகேட் கேக்கல, இப்ப நம்ம பிள்ளைங்க திரும்பப் போக மட்டும் கேக்கறாங்க." பதில் சொல்லத் தெரியவில்லை.

பணம் என்று வந்தால், பி.டி.பி.டி.என். கடன் உள்நாட்டில் படிப்பவர்களுக்கு மட்டும். இந்தியாவுக்குப் போகும் பிள்ளைக்குக் கிடைக்காது. இ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமநிதிப் பணத்தைப் பிள்ளையின் படிப்புக்காக எடுக்கலாம், வெளிநாட்டுப் படிப்புக்கும் விதி இடம் தருகிறது. ஆனால் 2024-இல் கணக்கை மூன்றாகப் பிரித்த பிறகு கல்விக்கு எடுப்பது செஜாத்ரா கணக்கிலிருந்துதான். தோட்டத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்களுக்கு அதில் என்ன இருக்கப் போகிறது? அத்தானுடையதைப் பார்த்தோம். ஒரு வருஷக் கட்டணத்துக்குச் சரியாக வரும். மீதிக்கு நகை.

ஏஜென்ட் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஊருக்கு ஓர் ஏஜென்ட் இருக்கிறார். எந்தக் கல்லூரி அதிகக் கமிஷன் தருகிறதோ அதுதான் அவர் வாயில் முதலில் வரும். அவரிடம் முதல் அடுக்கா என்று கேட்டேன். "எல்லாம் டாப் டயர்தான்மா" என்றார்.

டாக்டர் படிப்பைப் பற்றி இங்கே இரண்டே வரி. 2005-இல் உக்ரைனின் கிரிமியா அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை நீக்க மலேசிய அரசு முடிவெடுத்தது. அங்கே படித்துக்கொண்டிருந்தவர்களில் நம் இந்தியப் பிள்ளைகள் ஏராளம். மருத்துவத்தில் வாஷிங்டன் உடன்படிக்கை மாதிரி எதுவும் நமக்குக் கைகொடுக்காது. மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியலில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

இணையப் பட்டம்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் நேரடியாகத் திரை வழியாக விற்கும் படிப்புக்கு இங்கே வளாகமும் இல்லை, எம்.கியூ.ஏ.யும் இல்லை. அந்த நாட்டில் அது நல்ல படிப்பாகவே இருக்கலாம். ஆய்வுக்கூடம் தேவைப்படும் மின்னணுவியலை வீட்டு வரவேற்பறையில் படிப்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. ஏற்கெனவே வேலையில் இருப்பவர் மேற்படிப்புக்கு எடுக்கலாம், அதுவும் முதலாளி ஏற்பாரா என்று கேட்டுவிட்டு. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு முதல் பட்டமாக வேண்டாம். அந்தப் புரோஷரை அன்றைக்கே மேசையிலிருந்து எடுத்துவிட்டோம்.

பீடோங்காரர்கள் யாராவது இதைப் படித்தால் உடனே கேட்பார்கள்: பக்கத்துச் செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? ம.இ.கா. கட்சியின் கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி. 2001-இல் தொடங்கியது அது, வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகலாம், மின் பொறியியலும் இருக்கிறது. எல்லை தாண்டாத மலேசியப் பட்டம் என்பதால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. வெளிநாட்டுப் பெயர் ஆசையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அந்த ஐந்தாவது புரோஷரும் மேசையில் இருந்திருக்க வேண்டும். அக்கா மகளிடம் சொன்னேன். "வீட்டுப் பக்கத்திலேயா சித்தி?" என்று அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பதினெட்டு வருஷமாக ஒரே தாமானில் இருந்தவள். அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

என் கணக்கில் அவளுக்கு வரிசை இப்படித்தான் வந்தது. பொறியியல்தான் என்றால் தமிழ்நாட்டில் முதல் அடுக்கு அங்கீகாரம் உள்ள படிப்பு. உதவித்தொகை கணிசமாகக் கிடைத்தால் அதற்கும் மேலே கிளை வளாகம், நம் பொறியியல் மன்றத்தின் கடிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகு. மனம் மாறிக் கணினிப் பக்கம் போனால் 3+0. அக்கா இதை ஒரு காகிதத்தில் எழுதிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். ஏதோ தீர்ப்பு மாதிரி. சங்கடமாக இருந்தது.

அதனால் அவளையே எழுதச் சொன்னேன். 3+0 கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல்: பொறியியல் அங்கீகார மன்றத்தின் கடிதத்தின் நகல் வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிக்கு இன்னொன்று: எந்த அடுக்கு, எந்தத் தேதி வரை. கிளை வளாகத்துக்கு உதவித்தொகை விண்ணப்பம் தனியாகப் போயிருக்கிறது. சிலாங்கூர் கல்லூரியிலிருந்து மறுநாளே பதில் வந்தது: "நேரில் வாருங்கள், எங்கள் ஆலோசகர் விளக்குவார், இந்த மாத இறுதிக்குள் பதிந்தால் கட்டணச் சலுகை." கடிதத்தைப் பற்றி ஒன்றுமில்லை. தமிழ்நாட்டிலிருந்து நான்கு நாள் கழித்து என்.பி.ஏ. கடிதத்தின் ஸ்கேன் வந்தது. முதல் அடுக்கு, அவள் கேட்ட அதே துறை. அத்தான் எழுந்தே நின்றுவிட்டார்.

அக்கா மகள் போனில் அந்தத் தாளைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சித்தி, இது 2027 ஜூன் வரைதான் போட்டிருக்கு. நான் முடிக்கிறது 2029." அத்தான் திரும்ப உட்கார்ந்தார். புதுப்பிப்புக்கு எப்போது விண்ணப்பிக்கப் போகிறார்கள், போன தடவை எத்தனை வருஷத்துக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டு அவளே அடுத்த மின்னஞ்சலைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள்.